கூடத்துக்குப் போன கட்டில்

போன ஞாயிற்றுக்கிழமை காலை. மார்கழிப் பனி. காபி டம்ளரை என் முன்னால் ணங்கென்று வைத்துவிட்டு என் மனைவி கேட்டாள்.

"யாருங்க அவ?"

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. தலையில் முடி இருந்ததற்கான அடையாளம் மட்டும்தான் மிச்சம். என்னைப் பார்த்தா இந்தக் கேள்வி? ஆனால் வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்கு மரகதத்தைத் தெரியும். பாகூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண். ஆதாரம் இல்லாமல் வாயைத் திறக்க மாட்டாள்.

"ரெண்டு மாசமா கட்டிலைத் தூக்கினு போயி கூடத்துல படுக்கறீங்க. வியாழக்கெழம ஆனா ஆபீஸ்லேருந்து நேரா வூட்டுக்கு வர்றதில்ல. வூட்டுக்குள்ளகூட கோட்டு! பவுடர் வேற. நான் இன்னா, கண்ணு தெரியாதவளா?"

எதை மறுப்பது? அத்தனையும் உண்மை. 'அவள்' மட்டும்தான் இல்லை.

விஷயம் இதுதான். ராத்திரியில் நாலு தடவை ஒன்றுக்குப் போக எழுந்துகொண்டிருந்தேன். வயசுக் கோளாறு என்று நினைத்து ஒரு டாக்டரிடம் போனேன். பிரெஞ்சில் படித்த நம்மூர்க்காரர். அவர் பரிசோதித்த விதத்தை ஒரு குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது. பிறகு ஒரு காகிதத்தில் பிரெஞ்சில் இரண்டு வரி எழுதி என்னிடமே நீட்டினார். மூத்திரப்பைக்கு அடியில் புராஸ்டேட் என்று ஒரு சுரப்பியாம். இத்தனை வருஷம் என்னோடு சத்தமில்லாமல் குடியிருந்த ஆசாமியை அன்றுதான் பெயர் சொல்லி அறிமுகம் செய்துவைத்தார். அதில் புற்று என்றும் சொன்னார்.

சர்க்கார் ஆபீசில் என் வேலையே பிரெஞ்சைத் தமிழாக்குவதுதான். அன்று சாயங்காலம், "டாக்டர் இன்னா சொன்னாரு?" என்று மரகதம் கேட்டாள். அந்த இரண்டு வரியை நான் இப்படி மொழிபெயர்த்தேன் — "உடம்புச் சூடாம். எளநி குடிக்கச் சொன்னாரு."

அவ்வளவுதான். அன்றிலிருந்து தினமும் இரண்டு இளநீர். மூத்திரத் தொல்லைக்காரனுக்கு இளநீர்! நாலு தடவை ஏழு தடவையாயிற்று. பொய் சொன்ன வாய்க்கு அதுதான் கூலி என்று குடித்துத் தொலைத்தேன்.

ஏன் பொய் சொன்னேன்? புற்று என்ற வார்த்தைக்குப் பயந்து — அது பாதி. மீதி, மருந்து. இந்தப் புற்று ஆண்பிள்ளை உடம்பில் ஊறுகிற சத்தைத் தின்றுதான் வளருமாம். அதன் சோற்றில் மண்ணைப் போட ஒரு மாத்திரை. பெண்கள் உடம்பில் ஊறுவதைப்போலவே செய்த மாத்திரை! வாராவாரம் வியாழக்கிழமை போய் வாங்கி வருவேன். மார்பு லேசாகப் பூரித்தது... அதை மறைக்கக் கோட்டு. கோட்டுக்குள் வியர்வை... அதற்குப் பவுடர். இன்னொரு விஷயமும் உண்டு, கல்யாணமானவர்கள் புரிந்துகொள்வார்கள். அவள் கேட்கும்முன் நானே கட்டிலைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடிவிட்டேன்.

இதையெல்லாம் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று விழித்துக்கொண்டிருந்தபோது, அது வந்தது... மாத்திரையின் இன்னொரு கைங்கரியம். நெஞ்சிலிருந்து குப்பென்று ஒரு சூடு. மார்கழிப் பனியில் முகமெல்லாம் தெப்பமாக நனைந்துவிட்டது.

"பாருங்க, வேர்க்குது! திருட்டு முழி வேற!"

கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தேன். பனிக்காற்றில் மூஞ்சியை நீட்டிக்கொண்டு நின்றேன். திரும்பினால், மரகதம் என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"காது மடல் எரியுதா?"

"ஆமா."

"கொஞ்ச நேரத்துல முதுகு சில்லுன்னு ஆயிடுமா?"

"ஆமா... உனக்கு எப்படித் தெரியும்?"

"எப்படித் தெரியுமா? நாலு வருஷமா எனுக்கு வர்றது அதான! தீட்டு நின்னதுலேருந்து வருது. நான் சன்னலைத் தொறந்தா, 'பனியில இன்னாடி கிறுக்கு, மூடு'ன்னு கத்துனது யாரு?"

நான்தான். வேறு யார்?

அதற்குமேல் மறைக்க என்ன இருக்கிறது? மாத்திரை, மார்பு, கோட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்த இரண்டு வரியையும் இந்தத் தடவை ஒழுங்காக மொழிபெயர்த்தேன். மரகதம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"செத்துப் போயிடுவீங்களா?"

"மாத்திரை கேக்குதுன்னு டாக்டர் சொல்றாரு. எத்தினி வருஷம்னு அவருக்கும் தெரியாது. பயமாத்தான் இருக்கு மரகதம்."

'பயம்' என்ற சொல்லை அவளிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என்னைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள்.

"இதைச் சொல்றதுக்கு ரெண்டு மாசமா? அவ செவப்பா, கறுப்பான்னு நெனைச்சி நெனைச்சி எனுக்கு ஒரு வாய் சோறு எறங்கல, தெரியுமா உங்களுக்கு?"

அப்போதுதான் அவளைச் சரியாகப் பார்த்தேன். வளையல் முழங்கைவரைக்கும் ஏறி இறங்கியது. அவ்வளவு இளைத்திருந்தாள். என் நோயை மறைக்கிற மும்முரத்தில் அவள் தேய்ந்ததை நான் கவனிக்கவே இல்லை. வெட்கமாக இருந்தது.

"அப்பறம் மரகதம்... இனிமே நான் பழையபடி..." என்று இழுத்தேன்.

"புரியுது. அதுக்கா கட்டிலைத் தூக்கினு ஓடுனீங்க? முப்பத்தாறு வருஷமா பக்கத்துல கொறட்டை வுட்ட ஆளு இல்லாம எனுக்குத் தூக்கமே வரலைங்க." சொல்லிவிட்டு என் சட்டையை ஒரு பார்வை பார்த்தாள். "தையக்காரர்கிட்ட என் ரவிக்கை அளவையே குடுத்துடலாம்."

இரண்டு பேரும் சிரித்தோம். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

இந்த வியாழக்கிழமை அவளும் கூட வந்தாள். இரண்டு மாதமாக நான் கேட்கத் துணியாத கேள்விகளையெல்லாம் டாக்டரிடம் கால் மணி நேரத்தில் கேட்டு முடித்துவிட்டாள். முதல் கேள்வி இளநீரைப் பற்றி. டாக்டர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

இப்போது வீட்டில் புதுச் சட்டம். யாருக்கு முதலில் வேர்க்கிறதோ அவர் உட்காரலாம்; மற்றவர் விசிற வேண்டும்.

நம் ஆண்பிள்ளைகள் கடற்கரையில் கூடினால் என்ன பேசுகிறோம்? பிரெஞ்சுக்காரன் ஆண்ட நம் ஊர் இந்தியாவோடு சேர்ந்து இத்தனை வருஷமாயிற்று, நடைமுறையில் சேர்ந்ததுதான், சட்டப்படி சேர பாரிஸ் இன்னும் ஒப்புதல் தரவில்லை என்று மணிக்கணக்கில் அலசுகிறோம். சொந்த வீட்டில் கட்டில் பிரிந்து கிடப்பதைப் பற்றி ஒரு வார்த்தை பேச வாய் வருகிறதா?

எங்கள் கட்டில் அந்த ஞாயிற்றுக்கிழமையே அறைக்குத் திரும்பிவிட்டது... பாரிஸைக் கேட்கவில்லை.