ஆணியில் தொங்கிய சங்கிலி

சேரன்மகாதேவி சர்க்கார் கச்சேரியில் நான் குமாஸ்தாவாக இருந்த நாளில், ஒரு துரை மாற்றலாகி வடக்கே போனார். நாற்காலி மேஜைகளை ஏலத்துக்கு விட்டுவிட்டு, நாயை என்னிடம் விட்டார். ரயில் புறப்படும் நேரத்தில் சங்கிலியை என் கையில் கொடுத்து ஆங்கிலத்தில் ஏதோ நீளமாகச் சொன்னார். இன்ஜின் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. மீதிப் பாதியை என் பெருமை கேட்கவிடவில்லை. துரை வளர்த்த நாய் இனி என் வீட்டு வாசலில் படுத்துக் கிடக்கும் என்ற நினைப்பிலேயே எல்லாவற்றுக்கும் தலையாட்டி வைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சங்கிலியை அவிழ்த்துக் கிணற்றடிச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டினேன். தெருநாய்க்கு இருக்கிற சுதந்திரம் துரை நாய்க்கு வேண்டாமா என்று நியாயம் வேறு பேசிக்கொண்டேன். நியாயம் பேசுவதில் நான் கெட்டிக்காரன். ஒரு மழைக்காலம் போவதற்குள் சங்கிலி துருப்பிடித்துவிட்டது.

நல்ல நாய்தான். வெள்ளை உடம்பு, அங்கங்கே கருஞ்சிவப்புத் திட்டு. குரைக்காது, கடிக்காது, யார் வீட்டு அடுக்களையிலும் நுழையாது. நடந்து போய்க்கொண்டே இருக்கும்போது சட்டென்று நிற்கும், அவ்வளவுதான் அதன் கோளாறு. ஒரு முன்னங்காலை மடக்கித் தூக்கி, வாலை நேராக நீட்டி, ஒரே இடத்தைப் பார்க்கும். காது அசையாது. மூச்சு விடுகிறதா என்றே சந்தேகம் வரும். அது பார்க்கிற இடத்தில் நம் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பட்டப்பகலில் நடுத்தெருவில் அப்படி ஒரு பிராணி நின்றால் யாரும் சுற்றிக்கொண்டுதான் போவார்கள். நான் சீட்டியடித்தால் மட்டும் கலைந்து என்னிடம் ஓடிவரும். அதிலும் எனக்கு ஒரு கர்வம்.

நான் கச்சேரிக்குப் போனதும் அது ஆற்றங்கரைக்குப் போய்விடும். படித்துறையை ஒட்டித் தாழம்புதர் அடர்ந்து கிடந்தது. மேலே மருதமரங்கள். எதிர்வீட்டுக்காரர் உச்சிவேளையில் குளித்துவிட்டுச் சாப்பிட உட்காருகிறவர். நாலு கோட்டை விதைப்பாடு வயல், ஒரே மகள், அதிர்ந்து பேசாத மனுஷர். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈர வேட்டியோடு நேராக என் வாசலுக்கு வந்தார்.

"வே, உம்ம நாயைக் கட்டிப் போடும். பொம்பளைக பிள்ளைக குளிக்கிற இடம் வே அது."

"அது ஆரையும் கடிக்காது அண்ணாச்சி" என்றேன்.

"கடிச்சாக்கூடத் தேவல. அது நம்மளப் பாக்கல வே. நமக்குப் பின்னால பாக்கு. குளிச்சிட்டுப் படியேறுதேன், அங்கன நிக்கி. என் தோளுக்கு அந்தப் பக்கம் பாக்கு. திரும்பினா ஒருத்தரும் இல்ல."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பிறகும் ஒரு தடவை வந்து சொன்னார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பங்குனிக் கடைசியில் ஒரு நாள், கண்ணெல்லாம் சிவந்து, சுவரைப் பிடித்தபடி வந்து நின்றார். "நாயைக் கட்டும் வே" என்று மட்டும் பைய சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்ப் படுத்தார். அவர் என்னிடம் பேசியது அதுதான் கடைசி. காய்ச்சல் ஒரு வாரத்தில் ஆளைக் கொண்டுபோய்விட்டது.

நாய்க்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். எமனுடைய ஆள் அவர் தோளுக்குப் பின்னால் நின்றதை அது பார்த்திருக்கிறதாம். கேட்க எனக்குப் பயமாக இருந்தது. சொல்ல வெட்கம், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

பதினாறாம் நாள் கருமாதி. ஆண்பிள்ளை இல்லாததால் அவருடைய தம்பி கர்மம் செய்தார். சித்திரை வெயில் மணலைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. சோற்றுருண்டையை வாழையிலையில் வைத்து, ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு எல்லோரும் தள்ளி நின்றோம். காக்கை எடுக்க வேண்டும். எடுத்தால் போனவருக்குத் திருப்தி. எடுக்கவில்லையென்றால் அவர் மனசில் ஏதோ குறை. அது இன்னதென்று கண்டுபிடித்துச் சத்தமாக வாக்குக் கொடுக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

மருதமரத்தில் காக்கைகள் இருந்தன. கிளைக்கு நாலைந்தாக உட்கார்ந்து, கழுத்தை நீட்டிக் கீழே பார்த்தன. கரையவும் இல்லை, இறங்கவும் இல்லை. தம்பிக்காரர் தொண்டை வறளக் கூப்பிட்டார். "பாதியில விட்ட கெணத்த நான் வெட்டி முடிக்கேன் அண்ணே" என்றார். இறங்கவில்லை. கோயிலுக்கு நேர்ந்ததைச் செலுத்துவதாகச் சொன்னார். இறங்கவில்லை. நிழல் காலடிக்குள் சுருங்கி, மறுபக்கம் நீளத் தொடங்கியது. ஆறு ஓடுகிற சத்தம் தவிர ஒரு சத்தம் இல்லை. அத்தனை பேர் நிற்கிற இடத்தில் அப்படி ஓர் அமைதியை நான் அதற்கு முன் கண்டதில்லை. பெண்கள் பக்கம் பார்த்தேன். அவருடைய சம்சாரம் இலையைப் பார்க்கவில்லை. தாழம்புதர்ப் பக்கமே வெறித்துக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பசி. அதை விடப் பயம். மெல்ல நழுவிப் படியேறினேன். மேலே வந்ததும் என்னவோ தோன்றிச் சீட்டியடித்தேன். நாய் எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. சாயங்காலம் தவிர நான் அதைக் கூப்பிடுவதும் கிடையாது. ஆனால் அடித்தேன். அடுத்த நிமிஷம் முதுகுக்குப் பின்னால் ஒரே காக்கைச் சத்தம், ஆட்கள் அழுகிற சத்தம். எடுத்துவிட்டது! நாயும் நனைந்த வயிற்றோடு வந்து என் காலை முகர்ந்தது.

நான் திரும்பி ஓடி, என்ன வாக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். செத்தவருடைய அக்கா, களக்காட்டுக்காரி, நெஞ்சில் கைவைத்துக்கொண்டு சொன்னாள்: "எம் மவனுக்கே பொண்ணக் குடுக்கோம்னு சொன்னேன் தம்பி. வாய மூடல, எடுத்துட்டு. அதான் அவன் ஆச."

மகன் என்றால் நாற்பத்தைந்து வயது, இரண்டு தாரம் செத்து மூன்றாவதற்குக் காத்திருப்பவன். முதல் மனைவி கிணற்றில், இரண்டாவது எப்படியென்று யாரும் வெளியே சொல்வதில்லை. பெண்ணுக்குப் பதினெட்டு வயது. பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அக்கா கேட்டு வந்தபோதெல்லாம் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பிய தகப்பன் அவர். ஆனால் காக்கை எடுத்துவிட்டதே. அதற்கு மேல் யார் என்ன பேச முடியும்? வருஷம் திரும்புமுன் முடித்துவிட வேண்டுமென்று ஆனியில் நாள் வைத்தார்கள். அன்று முதல் அந்தப் பெண் வாசலுக்கு வரவில்லை.

வைகாசியில் துரையிடம் சமையற்காரராக இருந்த பாளையங்கோட்டைக் கிறிஸ்தவர் ஒருவர் உறவினர் வீட்டுக்கு வந்திருந்தார். நாயைப் பார்க்க வந்தார். அது அவர் மேல் பாய்ந்து நக்கியது. அவர் கேட்ட முதல் கேள்வி, "சங்கிலி எங்கய்யா?"

சங்கிலி எதற்கு என்றேன்.

"பறவை வேட்டைக்குப் பழக்குன நாய்லா இது. புதருக்குள்ள ஒரு காடை இருந்தாப் போதும், மோப்பத்துலயே கண்டுக்கிடும். சத்தங் காட்டாது. காலத் தூக்கிட்டு அப்பிடியே நிக்கும். எறக்க உள்ளது எதக் கண்டாலும் அப்பிடித்தான். சீட்டியடிச்சாத்தான் அசையும். அவுத்து விட்றாதீங்கன்னு ரயிலடியில துரை உங்ககிட்டச் சொல்லையில நானும் அங்கனதான நின்னேன்?"

கருமாதியன்று நான் அடித்த சீட்டி ஞாபகம் வந்தது. மறுநாள் உச்சிக்கு ஒரு பிடி சோற்றை அதே கல்லில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். நாய் தாழம்புதருக்குள் நுழைந்து முன்னங்காலைத் தூக்கியது. மரத்தில் காக்கைகள் கழுத்தை நீட்டின. இறங்கவில்லை. வெகுநேரம் பார்த்துவிட்டுச் சீட்டியடித்தேன். நாய் வந்தது. காக்கைகள் இறங்கின. என் நாய் யாரையும் கடிக்காது என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

நேராக எதிர்வீட்டுக்குப் போனேன். களக்காட்டுக்காரி கூடத்தில் உட்கார்ந்து கல்யாண வெற்றிலைக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் ஒன்று விடாமல் சொன்னேன். காக்கை எடுக்காததும் என் நாயால், எடுத்ததும் என் சீட்டியால். இதில் போனவர் ஆசை எதுவும் இல்லை என்றேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சரி தம்பி. நான் வாக்குச் சொன்ன அந்த நேரத்துல உங்களச் சீட்டியடிக்கச் சொன்னது ஆரு?"

கதவிடுக்கில் பெண்ணின் முகம் தெரிந்தது. நான் ஏதாவது சொல்வேன் என்று அவள் காத்திருந்தாள். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் கிணற்றடிச் சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்று அவளுடைய தாய் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, அன்னைக்கு நான் உங்க நாயப் பாத்தேன். பொதருக்குள்ள நின்னுக்கிட்டு எலைக்கு மேல பாத்துக்கிட்டு இருந்துச்சு. அவுகதான் அங்கன கோவமா நிக்காகன்னு நெனச்சுட்டேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நாளைக்கு மாசியம், அவுக போயி ஒரு மாசம். மறுபடி சோறு வைப்போம். இந்தத் தடவ நான் கேக்கப்போறேன். பொண்ணக் களக்காட்டுக்குக் குடுக்கிறது உங்க ஆசைன்னா எடுக்காதீங்க, வேற கொறன்னா எடுங்கன்னு கேப்பேன். உங்க நாய் வெளிய வரப்பிடாது."

கணவன் செத்து ஒரு மாதமே ஆனவள் இத்தனையும் யோசித்திருந்தாள். நான் ஆணியிலிருந்து சங்கிலியை எடுத்து, துருவைத் தேய்த்து எண்ணெய் போட்டேன்.

மறுநாள் கச்சேரிக்கு லீவு. திண்ணைத் தூணில் சங்கிலியை இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை நானும் பிடித்துக்கொண்டேன். எதிர்வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் ஆற்றுக்குப் போய்விட்டார்கள். வெயிலில் தெரு காலியாகக் கிடந்தது. ஒரு குருவிகூட இல்லை. எனக்குத் தெரியும், பார்த்தேன்.

படுத்திருந்த நாய் எழுந்தது. முன்னங்காலைத் தூக்கியது. சாத்திய எதிர்வீட்டுக் கதவை நேராகப் பார்த்தது. பிறகு அதன் தலை மெதுவாக, ஓர் ஆள் நடக்கிற வேகத்தில், கதவிலிருந்து நடை, நடையிலிருந்து தெரு, தெருவிலிருந்து ஆற்றங்கரைப் பாதை என்று திரும்பிக்கொண்டே போனது. நடுவில் ஒரு தரம் நின்றது. அப்போது அது என் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. சங்கிலி இறுகியது. இழுத்தது நாய் இல்லை, நான்தான். பிறகு தலை மேற்கொண்டு நகர்ந்து, பாதை திரும்புகிற இடத்தில் நின்றது. அது காலைக் கீழே வைத்துப் படுத்துக்கொண்டது. சிறிது நேரத்தில் ஆற்றுப் பக்கமிருந்து காக்கைச் சத்தம் கேட்டது.

திரும்பி வரும்போது களக்காட்டுக்காரி யாரிடமும் பேசாமல் முன்னால் போனாள். அன்று மத்தியானமே வண்டி பூட்டச் சொல்லிவிட்டாள். பெண் வெகுநாளைக்குப் பிறகு தலை நிமிர்ந்து தெருவில் நடந்து வந்தாள்.

தாய் மட்டும் என் வாசலில் நின்றாள். நான் இன்னும் சங்கிலியைப் பிடித்தபடி இருந்தேன்.

"எடுத்துட்டு அண்ணாச்சி. வச்ச கைய எடுக்க முன்னாடி எடுத்துட்டு."

"அப்போ அண்ணாச்சிக்கு வேற என்ன குறை?" என்றேன், கேட்காமல் இருந்திருக்கலாம்.

அவள் நாயைப் பார்த்தாள், தூணைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள்.

"மூணு தடவ வந்து சொன்னாகளே. அவுக இருக்கையிலேயே இதக் கட்டியிருக்கலாம்லா?"