நூலக்காவின் கழுத்து

ஒரு புருவத்தை முடித்ததும் நூலை மேசைமேல் வைத்துவிட்டு, நூலக்கா சுவரோடு ஒட்டி நிற்கிறார். முதுகும் பின்மண்டையும் சுவரில் பதிய, மோவாயை மெல்ல உள்ளே இழுக்கிறார். ஐந்து எண்ணிவிட்டு விடுகிறார். பத்து முறை. நாற்காலியில் இருப்பவள் ஒற்றைப் புருவம் சிவந்திருக்கக் காத்திருக்க வேண்டியதுதான். "ஓடிப்போகாது கண்ணு, உன் மூஞ்சியிலதான் இருக்கு" என்பார்.

இந்த பியூட்டி பார்லரில் நூலால் புருவம் திருத்தியே 'நூலக்கா' ஆனவர்; வந்து இருபத்திரண்டு வருடங்கள். முன்பெல்லாம் நூலின் ஒரு நுனியைப் பல்லில் கடித்து, மறுபக்கத்தை இரு கைகளிலும் முறுக்கி, தலையை முன்னும் பின்னும் அசைத்துத்தான் முடியை எடுப்பார். ஒரு நாளைக்கு நாற்பது முகங்கள். வேலை செய்வது கை என்றுதான் வாடிக்கையாக வரும் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்; உழைத்ததெல்லாம் கழுத்து. போன வருடம் பின்கழுத்தில் பிடித்த வலி தோளுக்கு இறங்கியது. தலையைத் திருப்பினால் மணலை மிதித்தாற்போல நறநறவென்று சத்தம். அண்ணாந்து தண்ணீர் குடிக்க முடியவில்லை.

கழுத்தெலும்பின் மூட்டுகள் தேய்ந்திருக்கின்றன, தேய்ந்தது திரும்ப வளராது, ஆனால் கட்டுக்குள் வைத்திருக்கலாம் என்றார் எக்ஸ்ரேயைப் பார்த்த மருத்துவர். கழுத்துப்பட்டையை நாள் முழுக்கப் போட்டால் தசை சோம்பேறியாகிவிடும். பயிற்சி, வெந்நீர் ஒத்தடம், தாழ்ந்த தலையணை போதும். விரல் மரத்தாலோ, பிடி தளர்ந்தாலோ, நடை தடுமாறினாலோ உடனே வர வேண்டும். வேலையை விட்டுவிடலாமே என்றும் சொன்னார். அதற்கு மட்டும் நூலக்கா தலையாட்டவில்லை. "ஆட்ட முடியலங்கிறது வேற விஷயம்" என்று என்னிடம் சிரித்தார்.

முதலாளியம்மா அவரை வரவேற்பு மேசைக்கு மாற்றப் பார்த்தார். உட்கார்ந்து பெயர் பதிந்தால் போதும். நல்ல மனதோடுதான். ஆனால் நூலுக்கு வேறொருத்தியை அமர்த்தவும் பேசி முடித்திருந்தார். நூலக்கா குரலை உயர்த்தவில்லை.

"தேஞ்சது எலும்புதாம்மா, தொழில் தேயல. ரெண்டு மாசம் குடுங்க. அப்பவும் முடியலன்னா நானே போயிடறேன்."

அந்த இரண்டு மாதமும், பல்லில் கடிக்காமல் கைகளாலேயே நூலை இயக்கும் முறையைப் பழகினார். ஒத்திகைக்குக் கிடைத்தது கணவரின் முன்னங்கை. பேருந்து ஓட்டுநரான அவர் வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். கேட்டவர்களிடம், "வீட்ல அறுவடை நடக்குது" என்றாராம். நூல் அறுந்துகொண்டே இருந்தது. ஒருநாள் கழுத்து வலி பொறுக்காமல் நூலக்கா நூற்கண்டையே சுவரில் விட்டெறிந்தார். அதைத் தேடி எடுத்து வந்த கணவர், மறு கையை நீட்டியபடி எதிரே உட்கார்ந்தார்.

கெடு முடிவதற்குள் கை பழகிவிட்டது. அடுத்தது நாற்காலி. தச்சரிடம் சொல்லி, அதன் அடியில் வைக்க ஒரு சாண் உயரத்துக்கு மர மேடை செய்துகொண்டு வந்தார். வருகிறவர்கள் ஏறி உட்காரச் சங்கடப்படுவார்கள் என்றார் முதலாளியம்மா.

"அவங்க ஒரு படி ஏறட்டும். நான் இருபது வருஷம் குனிஞ்சாச்சு."

ஏறினோம்.

வலி போய்விடவில்லை. குளிர் நாட்களில் யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்ந்துதான் திரும்புகிறார். இருபத்தைந்து முகங்களுக்கு மேல் தொடுவதில்லை. இருபத்தாறாவதாக யார் வந்தாலும் நாளைக்குத்தான்.

போன வாரம் மேடையில் நான் இருந்தேன். வரவேற்பு மேசையில் முதலாளியம்மா போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கி, கழுத்தைச் சாய்த்துக் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். நூலக்கா நூலை என் மடியில் போட்டுவிட்டு அங்கே போனார். அந்தப் போனை உருவி, முதலாளியம்மாவின் இடக்கையில் வைத்து, கையைக் காதருகே உயர்த்தி, விரல்களை ஒவ்வொன்றாக மூடிவிட்டு வந்தார்.