படகின் வலப்பக்கம்

முடிதிருத்துபவருக்குத் திங்கட்கிழமை விடுமுறை. ஊரே வேலைக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது அவரும் மனைவியும் கடலில் இருப்பார்கள். கைமாறிக் கைமாறி வந்த சின்னப் பாய்மரப் படகு, ஃபைபரில் செய்தது. அவரைவிடக் கொஞ்சம்தான் வயதில் இளையது. பிள்ளை இல்லாத வீட்டில் அதற்குத்தான் எல்லாச் செல்லமும்.

குறையை முதலில் கண்டவள் மனைவி. காற்று ஏறிய ஒரு மதியம், உள்ளே சாய்ந்து படுத்திருந்தவள் திடுக்கிட்டு எழுந்து கத்தினாள்.

"ஏங்க, இந்தச் செவரு உள்ள வந்து வந்து போகுதுங்க!"

"அலை அடிக்குதில்ல, அப்படித்தான் தெரியும்."

"தெரியலைங்க, முதுகுல இடிக்குது! அலமாரிக் கதவு தானா தெறக்குது, தானா இறுகிக்குது. திருப்புங்க கரைக்கு."

அவளுடைய அண்ணன் படகுப் பட்டறையில் தச்சர். படகைக் கரையேற்றி, டார்ச்சோடு உள்ளே நுழைந்து, முன்பாதியின் பக்கச் சுவரில் தோளைக் கொடுத்து அழுத்தினார். வாளியின் வயிறு மாதிரி அது அமுங்கி, டொக்கென்று திரும்பி வந்தது. இரண்டு பக்கச் சுவர்களையும் இழுத்துப் பிடிக்கும் குறுக்குப் பலகையின் ஓரமும் ஒட்டு விட்டிருந்தது. அந்த இடுக்கில் அவருடைய அளவுகோல் தாராளமாக நுழைந்தது.

"மாப்ள, எல்லாப் படகும் கொஞ்சம் வளையத்தான் செய்யும். இது வளையல, ஆடுது. இப்படியே ஓட்டினா ஒருநாள் நடுக்கடல்ல பொளந்துக்கும்."

"என்ன பண்ணலாம் மச்சான்?"

"பலகையத் திரும்ப ஒட்டணும். ரெண்டு பக்கமும் உள்ளாற விலா எலும்பு மாதிரி பட்டை வச்சு, மேல ஃபைபர் துணியும் ரெசின் பசையும் போட்டு இறுக்கணும். கொஞ்சம் பொறு, கையில இருக்கற வேலைய முடிச்சிட்டு வர்றேன்."

முடிதிருத்துபவருக்குப் பொறுமை ஏது? தானே இறங்கிவிட்டார்.

"கையுறை இல்லாம தொட்டுறாத, பொல்லாத சாமான்" என்று மச்சான் படித்துப் படித்துச் சொன்னார்.

இவரும் போட்டுத்தான் பார்த்தார். ஆனால் காலமெல்லாம் தலைமயிரின் முரட்டுத்தன்மையையும் மென்மையையும் விரல் நுனியால் அறிந்த கை அது. துணிக்கடியில் காற்றுக் குமிழி நிற்கிறதா என்று கையுறைக்குள்ளிருந்து தெரியவில்லை. கழற்றி வீசினார். வெறும் விரலால் தடவித் தடவி நீவினார். சாயங்காலம் பிசுபிசுத்த கைகளைத் தின்னரில் கழுவிக்கொண்டார்.

இடப்பக்கம் முடிந்தது. பலகையும் ஒட்டிக்கொண்டது. மனைவியை அழைத்து, முட்டிப் பார்க்கச் சொன்னார். அவள் தோளால் முட்டினாள், முதுகால் முட்டினாள், சுவர் அசையவில்லை. "மாடு வந்து முட்டினாலும் இனி அசையாது" என்று சிரித்தாள்.

வலப்பக்கத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்யத் தொடங்கியபோது விரலிடுக்கில் அரிப்பு. ஃபைபர் முள் குத்தியிருக்கும் என்று விட்டுவிட்டார். மறுநாள் கடையில் கத்தியைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. வார முடிவில் உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். கண் இமைகள் வீங்கி உலகமே கீற்றாகத் தெரிந்தது.

மருத்துவர் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார்: "உங்க உடம்பு அந்த ரெசினை விரோதியா முடிவு பண்ணிடுச்சு. இனி ஆயுசுக்கும் மாறாது. அதோட தூசி இருக்கற பக்கமே போகாதீங்க."

கை ஆறும், ஆறிய இடத்தில் ஷாம்பு பட்டால் வெடிக்கும், தலைச்சாயம் பட்டால் நீர் கோத்துக்கொள்ளும். ஒருநாள் நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவர் கண்ணாடியில் அந்த விரல்களைப் பார்த்துவிட்டு, போர்த்திய துணியோடு எழுந்துகொண்டார்.

"தப்பா நெனைக்காதீங்க. தலையக் குடுக்க வந்தேன், வியாதிய வாங்கிட்டுப் போக முடியுமா?"

"இது ஒட்டாதுங்க. மருத்துவரே சொல்லியிருக்காரு."

"இருக்கட்டும், இன்னொரு நாள் வர்றேன்."

அந்த இன்னொரு நாள் வரவேயில்லை. பிறகு பலருக்கும் அப்படித்தான். ஆண்டு திரும்புவதற்குள் கடை வேறொருவர் கைக்குப் போனது.

மனைவிக்குப் படகின் பேச்சை எடுத்தாலே பற்றிக்கொண்டு வந்தது. "அண்ணே, அதை அறுத்து எறிஞ்சிடுங்க."

"அறுக்கவும் ஆள் வேணும்மா. ஒரு பக்கம் இறுக்கம், ஒரு பக்கம் தொளதொளன்னு கெடக்கு. விவரம் தெரியாதவன் யாராவது எடுத்துட்டுப் போவான். போய்ச் சேருவான்."

அந்தக் கடைசிச் சொல் அவளைத் தூங்கவிடவில்லை. முழங்கை வரை கையுறையும் முகமூடியும் மாட்டிக்கொண்டு, அண்ணனோடு வலப்பக்க வேலைக்கு அவளே இறங்கினாள். கணவர் பட்டறை வாசலுக்கு வெளியே நின்று போனில் பேசுவார்.

"பட்டையோட முனைய சரிவா சீவி விடு. மொட்டையா முடிச்சா அங்கதான் வெடிக்கும்."

"அண்ணன் சொல்லிட்டாரு. நீங்க வீட்டுக்குப் போங்க."

"குமிழி நிக்குதான்னு பாரு."

அவள் போனை வைத்தாள்.

காற்று பலமாக இருந்த ஒரு நாள் அண்ணனும் தங்கையும் படகைக் கடலில் ஓட்டிப் பார்த்தார்கள். துறையின் விளிம்பில் நின்ற கணவருக்குப் பாய் சாய்ந்து நிமிர்வது மட்டும்தான் தெரிந்தது. திரும்பி வந்ததும், "செவரு?" என்று கேட்டார்.

"கல்லு மாதிரி நிக்குது" என்றாள்.

அவர் தலையசைத்தார். கயிற்றை வாங்கக் கை நீட்டியவர், பாதியிலேயே இழுத்துக்கொண்டார். மச்சான்தான் குதித்து இறங்கிக் கட்டினார்.

ஓய்வுபெற்ற ஒரு தம்பதி படகை வாங்கிப் போனார்கள். எங்கே ஒட்டியது, எப்படி ஒட்டியது என்று மனைவி எதையும் மறைக்காமல் காட்டித்தான் கொடுத்தாள். கணவர் அப்போது உடன் போகவில்லை.

இப்போது அவர் சந்தையின் வாகன நிறுத்தத்தில் சீட்டுக் கொடுக்கிறார். குளிர் கூடிய காலைகளில் விரல் வெடித்து ரத்தம் கசியும். சட்டைப் பொத்தானைத் துளையில் நுழைக்க வராது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து, மேலிருந்து கீழாக அவள்தான் போட்டுவிடுவாள்.