இரவல் வாட்ச்

படிக்கிற பிள்ளைக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று முதலில் சொன்னபோது எங்கள் தெருவில் யாரும் நம்பவில்லை. நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்தவனுக்கே கூலி கைக்கு வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

"குந்திக்கினு படிக்கிறதுக்குத் துட்டா? அப்ப நானும் படிக்கிறேன், எனுக்கும் குடு" என்றார் எதிர்வீட்டுக்காரர். அவருக்குக் கைநாட்டுத்தான்.

ஆனால் விஷயம் உண்மைதான். அக்கா பத்தாவது பாஸ் செய்து உத்திரமேரூரில் பிளஸ் ஒன் சேர்ந்திருந்தாள். எங்கள் தெருவில் அதுவரை அவ்வளவு தூரம் யாரும் போனதில்லை. மேலே படிக்கிற ஏழைப் பிள்ளைகளுக்குச் சர்க்கார் உபகாரச் சம்பளம் தரும், வீட்டில் வசதி இல்லை என்று தாலுகா ஆபீசில் சர்டிபிகேட் வாங்கி வரவேண்டும் என்று ஸ்கூலில் சொல்லி அனுப்பினார்கள். புத்தகம், பரீட்சைப் பணம், பஸ் எல்லாம் அந்தத் துட்டில்தான் நடக்கவேண்டும். வராவிட்டால் அக்கா படிப்பை விட்டுவிட்டு அம்மாவோடு நாற்று நடப் போகவேண்டும். நைனா இதை ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அன்றைக்கு அக்கா சாப்பிடவில்லை.

நைனா பேசுகிற ஆள் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஓர் அரிசி மில்லில் பாய்லருக்கு உமி தள்ளியவர். பிறகு கூலிக்கு ஏர் ஓட்டினார். முதலில் நெருப்பு, பிறகு மாடு. இரண்டிடமும் பேச்சுக்கு வேலை இல்லை. அப்படியே பழகிவிட்டார். எங்கள் வீட்டுப் பேச்சையெல்லாம் அத்தைதான் பேசினாள். அத்தை நைனாவின் தங்கை. புருஷன் போனபிறகு எங்கள் வீட்டை ஒட்டி ஒரு குடிசை போட்டுக்கொண்டு இருந்தாள். அவள் மகன் லாரியில் கிளீனர்.

ஒரு சனிக்கிழமை காலையில் தலையாரி தெருமுனையில் நின்று குரல் கொடுத்தார். "மத்தியானம் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வர்றாரு. உங்க வூட்டப் பாத்து எழுதிக்கினு போவாராம். எங்கியும் பூடாதீங்க."

நைனா விடியும்போதே ஏருக்குப் போய்விட்டார். அக்காவுக்கு அரைநாள் ஸ்கூல். அத்தையின் காதில் ஒன்றுதான் விழுந்தது. வீட்டைப் பார்க்க வருகிறார்கள்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் தெருவே அந்த வீட்டுக்குள் வந்துவிடும். ஒருவர் ஜமுக்காளம் கொடுப்பார். ஒருவர் தட்டு கொடுப்பார். ஒருத்தி தன் கம்மலைக் கழற்றிக் கொடுப்பாள். சாயந்திரம் அதது அதனதன் வீட்டுக்குத் திரும்பிவிடும். யாரும் சொல்லிக்காட்டமாட்டார்கள். பார்க்க வருகிறவர்களும் தங்கள் தெருவில் அதையே செய்கிறவர்கள்தான். தெரிந்தும் தெரியாதமாதிரி காப்பியைக் குடித்துவிட்டுப் போவார்கள்.

அத்தை வேலையை ஆரம்பித்தாள். அம்மா தயங்கினாள்.

"அவரு நம்ம கஷ்டத்தப் பாக்கத்தானே வர்றாரு?"

"நம்ம கஷ்டத்த வந்து வேற பாக்கணுமா? மூஞ்சிலயே கீது. ஆபீசர் வர்றப்ப குந்த ஒரு நாற்காலி இல்லன்னா எவன் மதிப்பான்? ஒண்ணுமில்லாத வூட்டுக்கு எவனாவது துட்டு குடுப்பானா? போயி பேங்க்ல கேட்டுப் பாரு."

அம்மாவுக்கு அது நியாயமாகப் பட்டது. எனக்கும்தான். எனக்கு அப்போது ஒன்பது வயது.

டெய்லர் கடையிலிருந்து கைவைத்த நாற்காலி வந்தது. புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண் தன் எவர்சில்வர் குடங்களையும் டம்ளர்களையும் கொடுத்தாள். சுவரில் ஆணி அடித்து ஒரு ரேடியோவை மாட்டினார்கள். அதில் பேட்டரி இல்லை. எதிர்வீட்டுக்காரர் தன் கறவை மாட்டைக் கன்றோடு ஓட்டிவந்து எங்கள் வாசல் கம்பத்தில் கட்டினார். "படிக்கிற பொண்ணு, பால் குடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். என் காலில் யாருடைய கொலுசையோ மாட்டிவிட்டார்கள். நான் ஓடிப்போய் ஒரு கட்டுப் புல் கொண்டுவந்து மாட்டுக்குப் போட்டேன். அது எங்கள் மாடு என்றே முடிவு செய்துவிட்டேன்.

அக்கா வெயிலில் நடந்து வந்தாள். வாசலைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"இன்னாம்மா இது? எனுக்கு மாப்பிள பாக்கறீங்களா?"

"பயந்துக்காதடி, மாப்பிள இல்ல. ஆபீசர் வர்றாரு. வூடு எப்டி கீது? ஷோக்கா கீதா?" என்றாள் அத்தை.

அக்கா பையைக் கீழே போட்டாள். "கெடுத்தியே அத்தை. இது இல்லாதவங்களுக்குக் குடுக்கற சம்பளம். இதெல்லாம் பாத்தா அவரு இன்னா எழுதுவாரு?"

அத்தைக்குப் புரிய சற்று நேரமானது. புரிந்ததும் முகம் மாறிவிட்டது. அவளும் அம்மாவும் குடத்தைத் தூக்கினார்கள், வைத்தார்கள், மறுபடி தூக்கினார்கள். அக்கா மாட்டை அவிழ்த்து இழுத்தாள். நான் போட்ட புல்லை விட்டு அது நகரவில்லை.

அந்த நேரத்தில் நைனா ஏரை விட்டுவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். நடந்தது எதுவும் தெரியாத அத்தை மகன் பின்னாலேயே வந்தான். "மாமா, கைய நீட்டு" என்று தன் வாட்சை அவர் ஈரக் கையில் கட்டிவிட்டான். நைனா மாட்டைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். "இன்னாத்துக்கு இது" என்று வாட்சைக் கழற்றப் போனார். அதற்குள் சைக்கிள் மணி கேட்டது.

இன்ஸ்பெக்டர் ஒல்லியான ஆள். கூடவே தலையாரி. வந்தவர் டெய்லர் நாற்காலியில் உட்கார்ந்தார். தெருவில் பாதிப்பேர் கொஞ்சம் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர் சுவரில் ரேடியோவைப் பார்த்தார், குடங்களைப் பார்த்தார், பேனாவைத் திறந்தார்.

"மாடு யாருது?"

"எங்களுது" என்றேன் நான்.

"பால் எவ்வளவு கறக்கும் பாப்பா?"

"நெறைய."

அக்கா முன்னால் வந்தாள். "சார், அது எங்க மாடு இல்ல சார். இங்க கீறது எதுவுமே எங்களுது இல்ல. எல்லாம் இரவல்."

அவர் நிமிரவில்லை. "போற வீட்லயெல்லாம் இதத்தாம்மா சொல்றாங்க. நேத்து ஒருத்தரு நெல்லு மூட்டையே இரவல்னாரு. நான் கண்ணால பாத்ததத்தானே எழுத முடியும்?"

அத்தைக்குப் பேச்சு வராமல் நான் பார்த்தது அன்றைக்குத்தான். அக்கா கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்ஸ்பெக்டர் அவளை இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் அழுதிருப்பாள்.

அவர் கேட்கவில்லை. பேனாவை மூடிக்கொண்டு எழுந்தார். "இன்னும் ஒரு ஊரு போகணும். என் வாட்சு ரிப்பேர்ல இருக்கு. மணி என்ன ஆச்சுப்பா?"

கூட்டத்தில் வாட்ச் கட்டியிருந்தது நைனா ஒருவர்தான். அவரைப் பார்த்துத்தான் கேட்டார்.

நைனா கூரை நிழலை விட்டு வெயிலுக்கு வந்தார். கையை நெற்றிக்கு மேல் வைத்து அண்ணாந்து சூரியனைப் பார்த்தார். வாட்ச் கட்டிய அதே கை. பட்டை பெரிது, வாட்ச் முழங்கை வரைக்கும் சரிந்து வெயிலில் பளபளவென்று மின்னியது. பிறகு குனிந்து தன் நிழலைப் பார்த்தார். யோசித்தார்.

"ரெண்டர இருக்கும்யா. மூணு இன்னும் ஆவல."

இன்ஸ்பெக்டர் அவர் முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். நாற்காலி ஆடியது.

"ஏம்பா, கையில கட்டியிருக்கறது என்ன?"

நைனா அப்போதுதான் ஞாபகம் வந்தவர்போலக் கையைப் பார்த்தார். "இதுவா? தங்கச்சி புள்ளது. கட்டி உட்டுட்டான்."

"இந்த சேரு?"

"டெய்லருது."

"ரேடியோ?"

"அந்த மூல வூடு."

"மாடு?"

"எதிர்வூடு."

"இந்தப் பாப்பா?"

"அது எங்களுது."

தெருவே சிரித்தது. அம்மா தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவர் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, "டம்ளர் யாருதும்மா?" என்றார். "புதுப்பொண்ணுதுங்க" என்றாள் அம்மா. அவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கொடுத்தார்.

பேனாவைத் திறந்து எழுதினார். எழுதியதை அக்காவுக்குப் படித்தும் காட்டினார். நிலம் இல்லை. கால்நடை இல்லை. கூலி தவிர வேறு வருமானம் இல்லை. ஒவ்வோர் இல்லைக்கும் அத்தை கையெடுத்துக் கும்பிட்டாள். அக்கா கம்பத்தை விட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன்.

எனக்கு மட்டும் ஆத்திரம். மாடு போயிற்று. கொலுசு போயிற்று. ஊர் பார்க்க, எங்களிடம் ஒன்றுமே இல்லை என்று எழுதிக்கொண்டு போகிறார், இவர்கள் கும்பிடுகிறார்கள். எல்லாவற்றையும்விட, வாட்சைக் கையில் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்த நைனாமேல்தான் கோபம்.

சாயந்திரம் வாட்சைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் அவரை உட்கார வைத்தேன். ஸ்கூலில் எங்களுக்கு மணி பார்க்கச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கரித்துண்டை எடுத்துச் சுவரில் வட்டம் போட்டு, உள்ளே இரண்டு முள்ளையும் வரைந்தேன்.

"இனிமே எவனாவது மணி கேட்டா வானத்தப் பாக்காத நைனா. எனுக்கு வெக்கமா கீது."

"சரி. சொல்லிக் குடு."

பெரிய முள், சின்ன முள், கால், அரை, முக்கால் எல்லாம் சொன்னேன். நடுநடுவே கேள்வி கேட்டேன். ஒன்றுக்குத் தப்பாகப் பதில் சொன்னார். திட்டினேன். திருத்திக்கொண்டார். கடைசிவரை எழுந்திருக்கவில்லை.

சம்பளம் வந்தது. லேட்டாக வந்தது, ஆனால் வந்தது. அக்கா நாற்று நடப் போகவில்லை. பிளஸ் டூ முடித்தாள், டீச்சர் டிரெய்னிங் போனாள். பழையசீவரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. நான் ஐந்தாவதோடு நின்றுவிட்டேன். யாரும் நிறுத்தவில்லை. எனக்குப் படிப்பு ஏறவில்லை, அவ்வளவுதான்.

வேலைக்குப் போன அக்கா முதல் சம்பளத்தில் நைனாவுக்கு ஒரு வாட்ச் வாங்கிவந்தாள். அவர் வாங்கிக் கட்டிக்கொண்டார். பட்டை சரியாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அக்காவைப் பார்த்து, "அஞ்சே கால் ஆவுது. கெளம்பு, பஸ்ஸு பூடும்" என்றார். வானத்தைப் பார்க்கவில்லை.

"பாத்தியா, நான் சொல்லிக் குடுத்தது" என்றேன்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இந்தத் தடவை அது அழுகை இல்லை என்று தெரிந்தது. "அடி போடி. மில்லுல நைட் ஷிப்டு பாத்த ஆளு உங்க நைனா. கடியாரத்தப் பாத்துப் பாத்துத்தான் உமி தள்ளணும். ராத்திரில சூரியன எங்க போயி தேடுவாரு?"

அப்படியென்றால் அன்றைக்கு ஏன் வெயிலில் போய் நின்றார் என்று கேட்க வாயைத் திறந்தேன். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள். கேட்கவில்லை.

நைனா வாட்சுக்குச் சாவி கொடுத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"நீ நல்லாத்தான் சொல்லிக் குடுத்த. பெரிய முள்ளத்தான் கொஞ்சம் சின்னதா வரைஞ்சிட்ட."

அன்றைக்கு அதையும் அவர் சொல்லவில்லை.