சதுரங்கப்பட்டினத்தில் ஜோசலினும் ஒரு குவைத் வேலையும்

எங்கள் நாவலூர் அலுவலகத்துக்குப் பயிற்சி கொடுக்க வந்திருப்பவள் ஜோசலின். பிலிப்பைன்ஸ்காரி, வயது இருபத்தாறு. மாமல்லபுரத்தை ஆளாளுக்குக் காட்டிவிட்டார்கள், கூட்டமில்லாத கடற்கரை வேண்டும் என்றாள். ஜனவரியில் ஒரு சனிக்கிழமை சதுரங்கப்பட்டினம் கிளம்பினோம்.

கேளம்பாக்கத்தில் பேருந்து மாறி மாமல்லபுரத்தில் இறங்கும்போது மணி எட்டரை. அங்கிருந்து சுமார் பதின்மூன்று கிலோமீட்டர். போகவர அறுநூறு ரூபாய்க்கு ஆட்டோ பேசினேன். (எனக்குப் பேரம் வராது. நீங்கள் ஐந்நூறுக்கு முடிக்கலாம்.)

ஓட்டுநர் குமார் கொஞ்ச தூரத்திலேயே ஆரம்பித்துவிட்டார். "இவங்க தனியாவா வந்துகீறாங்க மேடம்? வூட்ல இன்னா சொன்னாங்க?"

ஜோசலினிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். சிரித்தாள். "எங்கள் ஊரில் போகலாமா என்று யாரும் கேட்பதில்லை. எப்போது கிளம்புகிறாய் என்றுதான் கேட்பார்கள்." அவளுடைய அம்மா ஹாங்காங்கில் வீட்டு வேலை செய்து இவளைப் படிக்க வைத்தவர். சித்தி வீட்டில் வளர்ந்தவள், படித்து முடித்ததும் தானும் விமானம் ஏறிவிட்டாள்.

அதைத் தமிழில் சொன்னதும் குமார் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். "என் தங்கச்சி நர்சு மேடம். குவைத்ல வேலை கெடச்சிருக்கு. நான்தான் வேணான்னு சொல்லிகினு கீறேன். எங்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசறதில்ல."

டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டைக்குள் அவரும் எங்களோடு வந்தார். கப்பல் செதுக்கிய கல்லறைகளுக்கு நடுவே நின்றுகொண்டு கேட்டார்: "அங்க ஒடம்பு முடியலன்னா யாரு மேடம் பாப்பாங்க?"

நான் மொழிபெயர்த்ததும் ஜோசலின் தன் கதையைச் சொன்னாள். நாவலூருக்கு வந்த புதிதில் காய்ச்சலில் தனியே படுத்துக் கிடந்தாளாம். அம்மாவிடம் வேலை அதிகம் என்று பொய் சொன்னாளாம். கடைசியில் எதிர்வீட்டு அம்மா கதவைத் தட்டியிருக்கிறார். "எல்லோருக்கும் அப்படி ஒருவர் வருவார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் என் சித்தி மகள் குவைத்தில்தான் நர்ஸாக இருக்கிறாள். உங்கள் தங்கை அவளிடம் பேசட்டும்."

குமார் அங்கேயே தங்கைக்குப் போன் போட்டு ஜோசலினிடம் நீட்டினார். அவள் பேசிக்கொண்டே கடற்கரைப் பக்கம் போய்விட்டாள். "இன்னா மேடம் இவ்ளோ நேரம் பேசிகினு கீறாங்க?" என்றார். எனக்கும் அதே ஆவல்தான். திரும்பி வந்தவள் சொல்லவில்லை.

போகிறவர்களுக்கு: காலையிலேயே போய்விடுங்கள், கோட்டைக்குள் நிழல் குறைவு. தண்ணீர் கையில் இருக்கட்டும். அலை இழுப்பு அதிகம், கடலில் இறங்காதீர்கள்.

மார்ச்சில் குமாரிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. "தங்கச்சிய ஏர்போர்ட்ல வுட்டுட்டு வந்துகினு கீறேன் மேடம். ஒரு தபா கூட திரும்பிப் பாக்காம உள்ள போயிடுச்சு."

ஜோசலினுக்குப் போட்டுக் காட்டி அர்த்தம் சொன்னேன்.

"திரும்பிப் பார்த்தால் கால் நகராது. நானும் பார்க்கவில்லை. அவரிடம் அதைச் சொல்" என்றாள்.

உடனே அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன்.