வாளிக்குள் தலை வைத்தவர்

மத்தியானச் சோறு இறங்கியதும் எர்னானி கடையின் மூங்கில் பெஞ்சில் மல்லாந்து படுத்து, நீலப் பிளாஸ்டிக் வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொள்வார். மனைவி ரெமெடியோஸ் அகப்பையால் அதைத் தட்டுவாள். டக் டக், பிறகு டடடட. மூளையைப் படம் பிடிக்கிற ஸ்கேன் இயந்திரம் அப்படித்தான் இரையும் என்று சொல்லிக்கொடுத்தவர் அவரேதான். இடக்கால் அசைந்தால் மறுபடி முதலிலிருந்து.

ரோக்சாஸ் சந்தையில் சிப்பி விற்பவர் அவர். கத்தியைச் சொருகி ஒரு திருகு. சிப்பி வாயைத் திறந்துவிடும். கள்ளில் புளித்த காடியைக் கேட்காதவர்களுக்கும் ஊற்றிக் கொடுப்பார். பக்கத்துக் கடை நெஸ்டர் எட்டிப் பார்த்து, "என்னண்ணே, சவப்பெட்டிக்கு ஒத்திகையா?" என்பான். வாளிக்குள்ளிருந்து பதில் வரும்: "உனக்குத்தாண்டா அளவு பாக்குறேன்."

எர்னானியின் தாய்மாமன்கள் மூவரில் இருவரை லுபாக் கொண்டுபோயிற்று. இந்தத் தீவில் தாய்வழியாக ஆண்களைப் பிடிக்கிற நோய். ஈரத்துணியைப் பிழிவதுபோல் உடம்பை முறுக்கும். மூத்தவர் அகாபிதோவுக்குக் கழுத்தில் தொடங்கியது. நடுவுள்ளவர் செவெரோவுக்கு இடக்காலில். அசைவை ஆளும் இடம் மூளைக்குள் தேய்கிறதா என்று, இந்தக் குடும்பங்களின் ஆண்களை நகரத்து ஆராய்ச்சி மருத்துவமனையில் படம் எடுக்கிறார்கள். போன தடவை எர்னானியின் படம் கலங்கிப்போயிற்று. கால் ஆடியதாம். "கொசு கடிச்சுது," என்றார்.

அன்றிலிருந்துதான் வாளி. படம் கலங்காமல் விழுந்தால் நோய் இல்லை என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டார். "இது பரீட்சை இல்ல, மனுஷா," என்று ரெமெடியோஸ் சொல்லிப் பார்த்தாள். காதில் ஏறவில்லை. மகள் ஜெனலின் மாசமாக இருக்கிறாள். தகப்பனுக்கு இருந்தால் மகள் ரத்தத்திலும் கட்டாயம் இருக்கும். அவளைப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, அவள் பெறுகிற ஆண்பிள்ளையைப் போய்ப் பிடிக்கலாம்.

இந்த முறை மகளும் கூடப் போனாள். இயந்திரத்தை விட்டு இறங்கியதும் படம் எப்படி என்றுதான் கேட்டார். கண்ணாடி மாதிரி இருக்கிறது என்றாள் படம் எடுத்த பெண். வராந்தாவுக்கு வந்து, "பாத்தியா, ஒண்ணுமில்ல," என்று மகளிடம் சிரித்தார். தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்.

டாக்டரம்மா இருவரையும் உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"படம் தெளிவா வந்திருக்கு. அதனாலதான் இப்ப என்னால சொல்ல முடியுது," என்று கணினித் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார்.

எர்னானி எழுந்தார். மகளுக்கும் திரைக்கும் நடுவில் போய், சட்டையை இரண்டு பக்கமும் அகல விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.