நூற்று நாற்பத்திரண்டாம் பக்கத்துக்கு அடுத்த தாள்

பாளையங்கோட்டையில் பாக்கியசீலன் அண்ணாச்சியின் பைண்டிங் கடையில் அன்னத்தாய் பதினேழு வருஷமாக வேலை பார்க்கிறாள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவள். ஆனால் அவள் கைபட்ட ஆய்வேட்டால் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் இருநூறு பேருக்குக் குறையமாட்டார்கள். தாள்களை அடுக்கி, ஓரத்தில் துளை போட்டு, நூல் கோத்துத் தைத்து, பசை தடவி, கறுப்பு ரெக்சின் ஒட்டுவது வரைக்கும் அவள் பொறுப்பு.

அண்ணாச்சிக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. பக்க எண்ணைப் பார்க்கலாம், பக்கத்தைப் பார்க்கக் கூடாது. எழுத்தில் கண் போனால் எண்ணில் கோட்டை விட்டுவிடுவாய் என்பார். அன்னத்தாய் தலையாட்டுவாள். அவர் மதியம் வீட்டுக்குச் சாப்பிடப் போனதும், தூக்குச்சட்டியை ஒரு பக்கமும் ஆய்வேட்டை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். நத்தைகளின் இனப்பெருக்கம், களக்காட்டு வாழைத்தார் சந்தை, கொற்கையில் முத்துக்குளித்தவர்கள் என்று எது வந்தாலும் படிப்பாள். பாதி புரியாது. புரியாத பாதியைத் தானாக இட்டுக்கட்டிக்கொள்வாள். அவளுக்குப் பிடித்தது அந்தப் பாதிதான்.

போன வருஷம் அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தது. மறுநாள் விடியற்காலையில் வலி தாங்காமல் முனகியபோது நர்ஸ் ஒரு ஊசி போட்டாள். என்ன மருந்து என்று கேட்டதற்கு, அபினி வகையைச் சேர்ந்தது, டாக்டர் சொல்லித்தான் போடுகிறோம், பயப்பட வேண்டாம் என்றாள். பக்கத்துக் கட்டிலில் மேலப்பாளையத்து முஃபீதா படுத்திருந்தாள். அவளுக்கும் அதே ஊசி.

கொஞ்ச நேரத்தில் வலி எங்கோ தூரத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. சன்னல் வெளுத்தது. அப்போது தாமிரபரணி ஆறு ஆஸ்பத்திரிப் படியேறி வந்தது. அன்னத்தாய் சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டே கிடந்தாள். சொற்கள் வரிவரியாக வந்து நின்றன. வீட்டுக்காரரிடம் பேனா வாங்கி மருந்துப்பெட்டி அட்டையின் பின்பக்கம் எழுதினாள்.

வேலைக்குத் திரும்பியதும் அதைக் கடையில் கிடந்த வெள்ளைத்தாளில் நல்ல கையெழுத்தில் எழுதிவைத்தாள். பன்னிரண்டு வரி. கீழே ‘ஊசி போட்ட அன்று விடியற்காலை’ என்று குறித்தாள். பெயர் எழுதப் போனவள் பேனாவை மூடிவிட்டாள். பதினேழு வருஷத்தில் ஒரு வரி எழுதாதவளுக்கு ஒரு ஊசியில் பன்னிரண்டு வரி வருமா? மருந்து எழுதியதற்குக் கீழே தன் பெயரைப் போடுவது, அடுத்த வீட்டுப் பிள்ளையைத் தன் பிள்ளை என்று சொல்வதுபோல் இருந்தது. ஆனாலும் அந்தத் தாள் அவளுக்கு வேண்டியிருந்தது. மேசை இழுப்பறையில் அட்டைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டு, யாரும் இல்லாதபோது எடுத்துப் படிப்பாள்.

தை மாதம் களக்காட்டு விஜயஸ்ரீ தன் ஆய்வேட்டைக் கொண்டுவந்தாள். தமிழில் எழுதியது. முதல் பக்கத்தில் ‘அபினி’ என்ற சொல்லைப் பார்த்ததும் அன்னத்தாய்க்குக் கை நின்றுவிட்டது. இருநூறு வருஷத்துக்கு முன் இங்கிலாந்தில் அபினிச் சாற்றைக் குடித்துவிட்டுக் கவிதை எழுதியவர்களைப் பற்றிய ஆராய்ச்சி அது.

இரண்டு மதியம் சோறு ஆறிப்போனது தெரியாமல் படித்தாள். பல்வலிக்குக் குடித்தவர், வயிற்றுவலிக்குக் குடித்தவர், குடித்துவிட்டு அரண்மனைகளையும் கடல்களையும் கண்டவர். தன்னைப்போல ஒரு கூட்டமே இருந்திருக்கிறது என்று சிரிப்பு வந்தது. கூடவே ஒரு வருத்தமும். அவர்களுக்கும் மருந்துதான் எழுதிக்கொடுத்திருக்கிறது. அவர்கள் துணிந்து பெயர் போட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

நூற்று நாற்பத்திரண்டாம் பக்கத்தில் இருந்தபோது அண்ணாச்சியின் செருப்புச் சத்தம் கேட்டது. அடையாளத்துக்கு இழுப்பறையில் கைக்குக் கிடைத்த தாளைச் செருகி ஆய்வேட்டை மூடினாள். பின்னாலேயே விஜயஸ்ரீயும் வந்து நின்றாள். அன்று மாலைக்குள் பல்கலைக்கழகத்தில் கொடுத்தாக வேண்டும். அன்னத்தாய் ஐந்து பிரதிகளையும் ஒரே மூச்சில் தைத்து ஒட்டி அனுப்பினாள்.

மறுநாள்தான் இழுப்பறையில் தாள் இல்லாதது தெரிந்தது. கழிவுத்தாள் மூட்டையைக் கொட்டித் தேடினாள். எந்த நேரத்தில் எதைச் செருகினோம் என்பதே நினைவில் இல்லை. மருந்து கொடுத்ததை மருந்தே எடுத்துக்கொண்டது என்று விட்டுவிட்டாள். அந்த வாரம் வேலைக்கு வரும் பஸ் ஆற்றுப்பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் அவள் வெளியே பார்க்கவில்லை.

ஆவணியில் விஜயஸ்ரீ லட்டுப் பெட்டியோடு வந்தாள். வாய்மொழித் தேர்வு, யார் வேண்டுமானாலும் வரலாம், கேள்வியும் கேட்கலாம், நீங்கள் இரண்டு பேரும் கட்டாயம் வரவேண்டும் என்றாள். அண்ணாச்சி இஸ்திரிச் சட்டை போட்டுக்கொண்டார். அன்னத்தாய் கடைசி வரிசையில், வடையும் கேசரியும் வைத்திருந்த மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அங்கிருந்தால் எல்லாரையும் பார்க்கலாம், யாரும் தன்னைப் பார்க்கமாட்டார்கள்.

விஜயஸ்ரீ பேசினாள். முதல் பாதி அன்னத்தாய் படித்ததுதான். பிறகு அவள் படிக்காத பாதி வந்தது. அந்தக் காலத்தில் அங்கே அபினிச் சாறு மளிகைக்கடையிலேயே கிடைத்தது, மில் வேலைக்காரர்களும் வண்ணார்களும் அழுகிற பிள்ளைகளும் குடித்தார்கள், லட்சம் பேர் குடித்ததில் கவிதை எழுதியவர்கள் விரல் விட்டு எண்ணத்தக்கவர்கள் என்றாள். அவர்கள் கனவில் கண்டதெல்லாம் ஏற்கெனவே படித்ததும் பார்த்ததும்தான். அபினி புதிதாக எதையும் தரவில்லை. பழகினவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது, எழுதும் தெம்பையும் சேர்த்து.

அன்னத்தாய் நிமிர்ந்து உட்கார்ந்தாள். முஃபீதா நினைவுக்கு வந்தாள்.

திருச்சியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் தன் பிரதியைத் திறந்தார். நூற்று நாற்பத்திரண்டுக்கும் நூற்று நாற்பத்து மூன்றுக்கும் நடுவில் எண் போடாத தாள் ஒன்று இருக்கிறது, கையெழுத்தில் ஒரு பாட்டு, யார் எழுதியது என்ற குறிப்பும் இல்லை என்றார். விஜயஸ்ரீயின் கையிலிருந்த பிரதியில் அந்தத் தாள் இல்லை. அவள் முன்னும் பின்னும் புரட்டினாள். தேர்வாளர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

“ஆறு எழுந்து படியேறி வந்தது.
வராந்தாவில் செருப்பைக் கழற்றிப்போட்டது.
நர்சம்மாவிடம் கட்டில் எண் கேட்டது.
என் காலடியில் ஈரமாகப் படுத்துக்கொண்டது.”

செருப்பு வரும்போது அறை முழுக்கச் சிரித்தது. கட்டில் எண்ணுக்கு இன்னும் கொஞ்சம். நாலாவது வரியில் சத்தமில்லை. மீதி எட்டு வரியையும் அப்படியே கேட்டார்கள். அன்னத்தாய்க்குக் காது சுட்டது.

“நல்லா இருக்கு. எழுதினது யாரு?” என்றார் தேர்வாளர். “பெயர் இல்லாம ஆய்வேட்டுல சேர்த்தா அது குறைதானே?”

முன்வரிசையிலிருந்த அண்ணாச்சி மெல்லத் திரும்பி அன்னத்தாயைப் பார்த்தார். எண் இல்லாத தாள் தையலுக்குள் போயிருக்கிறது என்றால் யார் கை என்று அவருக்குத் தெரியாதா?

அன்னத்தாய் எழுந்தாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

“அந்தப் பிள்ள மேல குத்தம் இல்ல சார். நான் பைண்டிங்ல வேல பாக்குதேன். படிச்ச எடத்துல அடையாளத்துக்கு வச்சதச் சேத்துத் தச்சிட்டேன்.”

“சரிம்மா. பாட்டு யாரோடது?”

“என்னோடதுதான்.”

“ஊசி போட்ட அன்றுன்னு கீழே இருக்கே. எழுதினது நீங்களா, ஊசியா?”

அவர் கேலியாகக் கேட்கவில்லை. அதனால் அன்னத்தாய்க்குப் பதில் வந்தது.

“பக்கத்துக் கட்டில் முஃபீதாவுக்கும் அதே ஊசிதான் சார். அவ விடியுத வரைக்கும், கொழுந்தன் வீட்டு விருந்துல எலும்பா அள்ளி வச்சிட்டாகன்னு ஏசிக்கிட்டே கெடந்தா. நான் ஆத்தப் பாத்தேன். பதினேழு வருஷமா தெனமும் பாலத்துல பாத்துக்கிட்டுத்தான வாரேன்.”

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. தேர்வாளரும் சிரித்துவிட்டு, விஜயஸ்ரீயின் நாலு இயல்கள் சொன்னதை இவர் பாலத்தைத் தாண்டுவதற்குள் சொல்லிவிட்டார் என்றார். பட்டத்துக்குப் பரிந்துரை செய்தார். ஒரு திருத்தம் மட்டும் சொன்னார்: இறுதிப் பிரதியில் அந்தத் தாள் பின்னிணைப்பாகப் போகட்டும், எண்ணோடும் பெயரோடும்.

விஜயஸ்ரீ ஓடிவந்து அன்னத்தாயைக் கட்டிக்கொண்டாள். “அக்கா, ஒரு நிமிசம் எனக்கு உசுரே போயிட்டு” என்றாள். அண்ணாச்சி வடையைக் கடித்தபடி பக்கத்தில் வந்து நின்றார். சட்டத்தைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று அன்னத்தாய் காத்திருந்தாள்.

“அந்த ஆறு,” என்றார் அவர், “போகும்போது செருப்ப மாட்டிட்டுப் போச்சா தாயி?”

“அது எழுதலயே அண்ணாச்சி.”

“எழுதணும்லா. வெறுங்காலோட எப்படிப் போகும்?”

அடுத்த வாரம் இறுதிப் பிரதிகள் கடைக்கு வந்தன. அன்னத்தாய் சட்டப்படி எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டே தாள்களைப் புரட்டினாள். இருநூற்றுப் பதினொன்று, இருநூற்றுப் பன்னிரண்டு. இருநூற்றுப் பதின்மூன்றில் தன் பெயர் அச்சில் இருந்தது. அதை மட்டும் முழுக்கப் படித்தாள். பிறகு துளை போட்டு, நூல் கோத்து, ஐந்து பிரதிகளையும் இறுக்கித் தைத்தாள்.

அண்ணாச்சி சாப்பிடப் போனதும் இழுப்பறையிலிருந்து புதுத்தாள் ஒன்றை எடுத்தாள். ஆறு வராந்தாவுக்கு வந்து செருப்பைத் தேடியது. ஒன்று கிடைத்தது. இன்னொன்று எங்கே போயிருக்கும் என்று பேனாவோடு யோசித்துக்கொண்டிருந்தாள். தூக்குச்சட்டி திறக்காமலே இருந்தது.